வலிக்கு எழுதியவரிடமே வயிற்றையும் சொல்லுங்கள்

பாடாங் செராயில் பெரியம்மா வீட்டு மேசைமேல், மைலோ டின்னுக்கும் ஊறுகாய்ப் போத்தலுக்கும் நடுவே, பழுப்பு நிறத்தில் ஒரு மருந்துப் போத்தல். பக்கத்தில் ஊசி இல்லாத சிரிஞ்சு. அதன்மேல் கறுப்பு மார்க்கரால் இழுத்த ஒரு கோடு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் கோடு வரை உறிஞ்சி வாயில் விட வேண்டும். போத்தலில் இருந்தது மார்பின்.

பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்த பிறகு தாமான் வீட்டுக்கு வந்தார். மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்பைத் தொட்டது, வைத்தியம் பினாங்கில். மார்பின் தொடங்கிய முதல் வாரம் வீடே நிம்மதியாகத் தூங்கியது. இரண்டாவது வாரம் பெரியம்மா சோற்றுத் தட்டைத் தள்ளினார். பிறகு மைலோவையும் தள்ளினார். வயிறு கல்மாதிரி இருந்தது.

"பெரியம்மா, வெளிக்குப் போயி எத்தன நாளாச்சு?"

"அத ஏன்டா கேக்குற. சோறே எறங்கல, அப்பறம் எங்கேருந்து வெளிக்குப் போறது?"

மருமகள் விரல் விட்டு எண்ணினாள். ஆறு நாள்.

அதற்கு முந்தின நாள்தான் பதினாறு வயதுப் பேரன் அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தான். பாட்டிக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய். டாக்டருக்குத் தமிழ் வராது. பேரனுக்கு இரண்டும் வரும். ஆனால் பாட்டி சொன்னதை ஓர் இளம் பெண் டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். "பெரூட் சாகிட்" என்றான். வயிற்று வலி. கேஸ்டிரிக் மருந்தோடு திரும்பி வந்தார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் காதில் விழுந்தது இரண்டே சொல்.

அந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாக என்ன சொல்லியிருக்க வேண்டும், அதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதை எழுதி வைத்தால் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் குடலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். சாப்பிட்டது தானாகக் கீழே இறங்குவதில்லை. குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது; அதுதான் சதையைச் சுருக்கி விரித்து உணவை முன்னே தள்ளுகிறது. பெரட்டுக் களத்தில் ஆட்களை நிரை நிரையாக அனுப்பும் மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பின் மூளையில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு வலியைத் தணிக்கிறதோ, அதே மாதிரி இடங்கள் இந்தக் குடல் நரம்புகளிலும் ஏராளம். அங்கேயும் போய் ஒட்டிக்கொள்கிறது. மண்டோர் படுத்துவிடுகிறார். ஆட்கள் இருக்கிறார்கள், வேலை நகரவில்லை.

நகராமல் கிடப்பதிலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குடல் தானாகச் சுரக்க வேண்டிய நீரும் குறையும். மலம் காய்ந்து ஆட்டுப் புழுக்கை மாதிரி ஆகிறது. ஆசனவாய்த் தசை வேறு இறுகுகிறது. 'வருகிறது' என்ற உணர்வும் மங்குகிறது. ஒரே மருந்து நாலு பக்கமும் கதவைச் சாத்துவதால்தான் சாதாரண மலச்சிக்கலுக்குச் செய்கிற கைவைத்தியம் இதற்குப் போதுவதில்லை.

மார்பின் தொடங்கியதும் வருகிற குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். குடல் மட்டும் பழகுவதில்லை. மருந்து ஓடுகிற வரை இதுவும் ஓடும். "ஒடம்பு பழகட்டும்" என்று காத்திருப்பது நாளை எண்ணுவதற்குத்தான் உதவும். அபின் வகை மருந்து சாப்பிடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேருக்காவது இது வருகிறது. சில ஆய்வுகளில் எட்டையும் தாண்டுகிறது. அதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர்கள் மலம் இறுகும் வரை பொறுப்பதில்லை. வலி மருந்து எழுதுகிற அன்றே மலமிளக்கியையும் எழுதிவிடுகிறார்கள்.

இந்தக் குணம் பழங்காலத்திலேயே தெரிந்ததுதான். பிரிட்டிஷ் இந்தியப் படையில் டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் காலராவுக்கு என்று கூட்டிய குளோரோடைன் மருந்தில் அபின் சாறு இருந்தது. வயிற்றுப்போக்கை நிறுத்த வெள்ளைக்காரர்கள் அதைத்தான் பெட்டியில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இன்றைக்கு வயிற்றுப்போக்குக்கு வாங்குகிற லோபராமைடும் அதே குடும்பத்துப் பிள்ளை. மூளைக்குள் போகாமல் குடலோடு நின்றுவிடுவதால் கடையில் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தெந்த மருந்து இந்தக் கூட்டத்தில் சேரும்? மார்பின் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆக்ஸிகோடோன் மாத்திரை, தோளில் ஒட்டுகிற ஃபென்டனைல் பட்டை, இவையும் அதே வகை. பலர் கவனிக்காமல் விடுவது டிராமடோல். முதுகு வலி, முட்டி வலி, விழுந்து எலும்பு முறிந்தது என்று போனால் கைநிறையக் கொடுத்தனுப்புகிற மாத்திரை அது. பாராசிட்டமோலோடு சேர்ந்த அல்ட்ராசெட்டாகவும் வரும். கோடீன் கலந்த மாத்திரையும் இருமல் மருந்தும், டைஹைட்ரோகோடீன் எனப்படும் டிஎஃப் 118-உம் அப்படித்தான். மலேசியாவில் 2005இலிருந்து போதைப் பழக்கத்தை விடுவதற்காகக் கொடுக்கப்படும் மெத்தடோனும் குடலை இதேபோல் படுக்கப் போட்டுவிடும். அந்தப் பிள்ளைகள் வெட்கத்தில் இதைச் சொல்வதே இல்லை.

கெடாவில் இருந்துகொண்டு கெத்தும் இலையைப் பற்றி எழுதாமல் போனால் பொய்யாகிவிடும். ஆற்றோரத்திலும் வீட்டுக்குப் பின்னாலும் வளர்கிற மரம். அந்த இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரை உடம்பு அலுப்புக்கு என்று குடிக்கிற ஆண்கள் எந்த இனத்திலும் உண்டு. அதிலுள்ள மிட்ராகைனின் உடம்புக்குள் போய் உட்காரும் இடமும் மார்பின் உட்காரும் இடமும் ஒன்றே. கெத்தும் தண்ணி வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு வெளிக்குப் போவது சிரமமாவதும் அதனால்தான். 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் 2003இலிருந்து அது கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் டாக்டரிடம் சொல்ல ஆட்கள் பயப்படுகிறார்கள். சொல்லத்தான் வேண்டும். டாக்டர் கேட்பது வழக்குப் போட அல்ல. மார்பினும் கெத்தும் தண்ணியும் ஒரே உடம்பில் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

சரி, வீட்டில் என்ன செய்வோம்? வாழைப்பழம், பப்பாளி, நிறையத் தண்ணீர், இரவில் புளித்தண்ணி. தப்பில்லை. ஆனால் மண்டோர் படுத்துக்கிடக்கும்போது ஆட்களுக்குச் சோறு மட்டும் போட்டு என்ன பயன்? ஒரு படி மேலே போய், மருந்துக்கடையில் நார்ச்சத்துப் பொடி வாங்கிக் கரைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இசப்கோல் மாதிரி ஊதிப் பெருகும் பொடி அது. நகராத குடலில், தண்ணீரும் குறைவாகக் குடிக்கிற நோயாளிக்கு, அது உள்ளேயே களியாகி அடைத்துக்கொள்ளலாம். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தண்ணீரிலும் ஒரு எச்சரிக்கை. டயாலிசிஸ் செய்கிறவருக்கும் இருதயம் பலவீனமானவருக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பார். மலச்சிக்கலுக்கு என்று அதை மீறக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பேதி உப்பும் ஆகாது. அதிலுள்ள மக்னீசியம் வெளியேறாமல் தங்கிவிடும்.

விளக்கெண்ணெய் பெரியவர்களின் பேராயுதம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றிய கதை தோட்டத்தில் வளர்ந்த எல்லாரிடமும் இருக்கும். நல்ல உடம்புக்கு அது ஓடியிருக்கலாம். இறுகிய மலம் கீழே அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து அடித்துத் தள்ளினால் பிடுங்கும் வலிதான் மிச்சம். நிலாவாரையைப் பற்றி மட்டும் பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆங்கில மருந்துக்காரர்கள் சென்னா என்று மாத்திரையாக அடிப்பது அந்த இலையைத்தான். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடியில் கப்பலேறிய அந்த இலைக்கு உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். நம் ஊர்ச் செடிதான். இலையாகக் கொதிக்கவைத்தால் எவ்வளவு வீரியம் இறங்கும் என்று கணக்கு இல்லை. மாத்திரையில் அளவு தெரியும். எனக்கு மாத்திரைதான் சரி.

இன்னொரு ஏமாற்று உண்டு. பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராக, துணியை நனைக்கும் அளவுக்குக் கசியும். "அப்பாடா, தொறந்துக்கிச்சு" என்று வீட்டில் மூச்சு விடுவார்கள். இல்லாவிட்டால் "கழியுது" என்று பயந்து சிக்கிட் தெக் ஆன் மாத்திரையையோ லோபராமைடையோ கொடுப்பார்கள். பல சமயம் அது கழிச்சல் அல்ல. கீழே கட்டி அடைத்திருக்கிறது. அதன் ஓரமாக மேலிருக்கும் நீர் வழிகிறது. அந்த நேரத்தில் வயிற்றைக் கட்டும் மருந்து கொடுத்தால் அடைப்பை நாமே பூசி மெழுகுவதாகும். விரல் விட்டுப் பார்க்கிற டாக்டர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

இனி டாக்டர். உறவுக்காரர்கள் என்னிடம் கேட்டது, "இதுக்குன்னு நல்ல ஸ்பெஷலிஸ்ட் யாரு?" என்று. அலோர் ஸ்டாரா, சுங்கை பட்டாணியா, பினாங்குக்கே போய்விடுவதா? மார்பின் மலச்சிக்கலுக்கு என்று தனி ஸ்பெஷலிஸ்ட் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்த வலி மருந்தை எழுதினவர்தான் இதற்கும் டாக்டர். மருந்தின் வகையையும் அளவையும் மாற்றும் உரிமை அவர் கையில்தான் இருக்கிறது.

அவரைத் தேடுவதற்கும் முன்னால் ஒரு வேலை. மருந்துப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரியம்மா வீட்டில் நான் அதைத்தான் செய்தேன். கட்டிலுக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் பையிலிருந்து திறக்காத போத்தல் ஒன்று உருண்டு வந்தது. லாக்டுலோஸ். பினாங்கு டாக்டர் முதல் நாளே எழுதியிருக்கிறார்! லேபிளில் மலாயில் 'தேவைப்படும்போது' என்று அச்சாகியிருந்தது. "ஆபாபிலா பெர்லுன்னு போட்டிருந்துச்சு. தேவைப்படலன்னு வச்சிட்டேன்" என்றாள் மருமகள். அவள் படித்தது சரிதான். மார்பின் குடிக்கிறவருக்கு அது தினமும் தேவைப்படும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

எழுதினவர் தூரத்தில் இருப்பதுதான் கெடாவின் சிக்கல். புற்றுநோய்க்கு நம் ஆட்கள் பலர் மூடா ஆற்றைத் தாண்டிப் பினாங்கு போகிறார்கள்; கெப்பாலா பாத்தாசில் யுஎஸ்எம் நடத்தும் மருத்துவக் கழகத்துக்குப் போகிறார்கள். டாக்டரைப் பார்க்க அடுத்த தெமுஜன்ஜி ஆறு வாரம் கழித்து இருக்கும். வயிறு அதுவரை பொறுக்காது. தெமுஜன்ஜி அட்டையிலேயே கிளினிக்கின் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டு, "மார்பின் குடிக்கிற நோயாளி, இத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை" என்றால் முன்கூட்டியே வரச் சொல்வார்கள், அல்லது பக்கத்தில் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் வலி நிவாரணப் பராமரிப்புக் குழு, அதாவது பாலியேட்டிவ் பிரிவு, இருந்தால் அவர்களைக் கேளுங்கள். வலியையும் மலத்தையும் ஒரே மூச்சில் விசாரிக்கிறவர்கள் அவர்கள்தான். நாள்பட்ட முதுகு வலி போன்றவற்றுக்கு வலி கிளினிக் உண்டு. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதை நடத்துவது பெரும்பாலும் மயக்க மருந்துப் பிரிவு.

பக்கத்து வாசல் கிளினிக் கெசிஹாத்தான். ஒரு வெள்ளிக் கட்டணம். அதைச் சின்ன இடம் என்று ஒதுக்காதீர்கள். ஆசனவாயில் வைக்கிற மாத்திரை, எனிமா, பிஸாகோடில், லாக்டுலோஸ், இவற்றுக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. பெரிய கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் இருப்பார். கேட்டால் அவரிடம் அனுப்புவார்கள். தேவையென்றால் அவர்களே நிபுணருக்குச் சூராட் ருஜுக்கான் எழுதித் தருவார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அரசாங்க நிபுணர் கிளினிக்கில் நுழைவது கஷ்டம். இருந்தால் ஐந்து வெள்ளியில் பார்க்கலாம். பாலிங், சீக், யான், ஜித்ரா, கோலா நெராங் பக்கத்து ஆட்களுக்கு மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்துக்குக் கூலிம் ஆஸ்பத்திரி. சுங்கை பட்டாணி, பீடோங் பக்கம் என்றால் சுல்தான் அப்துல் ஹாலிம். வடக்கே அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா.

குடல் நிபுணரிடம் எப்போது போவது? மலமிளக்கிகளை ஒழுங்காக, போதிய அளவில், ஓரிரு வாரம் கொடுத்தும் அசையாவிட்டால். அல்லது மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மார்பின் தொடங்குவதற்கு முன்பே வெளிக்குப் போகும் வழக்கம் மாறியிருப்பது போன்றவை இருந்தால். அதற்காகக் கோலாலம்பூர் ஓட வேண்டியதில்லை. 2023இல் நாட்டின் சுகாதாரத் தலைமை இயக்குநரான டாக்டர் முகமட் ராட்சி அபு ஹசான், அதற்கு முன் சுல்தானா பாஹியாவில் குடல், கல்லீரல் நிபுணராக இருந்தவர்தான். தனியார் ஆஸ்பத்திரிக்கு நேரே போனால் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் தொடங்க வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால் அது அவசியம். வெறும் டிராமடோல் மலச்சிக்கலுக்கு, பையில் பிஸாகோடில் திறக்காமல் கிடக்கும்போது, அது வீண் செலவு என்பது என் எண்ணம்.

ஒரு காலத்தில் இந்தத் தேடலே இருந்ததில்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர் இருந்தார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் பதிவுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் என்றது. லயத்துக்கு அவர் டிரசர்தான். எல்லாவற்றையும் அறிந்த மேதை என்று அவரைச் சொல்ல மாட்டேன். ஆனால் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், "கக்கூஸ் போனியா, இல்லயா?" என்று வாசலில் நின்று சத்தமாகக் கேட்க அவருக்கு வெட்கமும் கிடையாது. தாமான் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. சுகாதார அமைச்சு 2008இல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக்கியது. அதனால் நர்ஸ் 'பத்துக்கு எத்தனை?' என்று வலிக்கு மதிப்பெண் கேட்கிறார். வார்டில் படுத்திருந்தால் மலம் போனதா என்றும் கேட்பார். வீட்டுக்கு வந்த பிறகு அந்த இரண்டாவது கேள்வி நம் பொறுப்பு.

ஆகவே சொல்லுக்கு வருவோம். மலச்சிக்கலுக்கு மலாயில் செம்பெலித். 'பெரூட் சாகிட்' என்று சொல்லாதீர்கள். "சுடா எனாம் ஹாரி தாக் பூவாங் ஆயிர் பெசார், மாக்கான் உபாட் மோர்ஃபின்" என்றால் போதும்: ஆறு நாளாக வெளிக்குப் போகவில்லை, மார்பின் சாப்பிடுகிறார். நாள் கணக்கும் மருந்தின் பெயரும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் எந்த டாக்டரும் கேஸ்டிரிக் பக்கம் போக மாட்டார். சொல்ல வெட்கம் என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. தமிழ் பேசும் டாக்டரும் நர்ஸும் கிடைப்பது முன்பு போல அரிதில்லை. 2001இல் தொடங்கி இப்போது செமெலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் பிள்ளைகள் பலரை டாக்டராக்கியிருக்கிறது. கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்க்கப் பேரனைக் கூட்டிப்போகாதீர்கள். மகளோ மருமகளோ போகட்டும்.

எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோங்கள். வலி மருந்து மட்டுமே குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. ரத்தச் சோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், கீமோவுக்குப் பிறகு வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான், சில ரத்த அழுத்த மாத்திரைகள், எல்லாமே குடலைக் கட்டும். பல வருட நீரிழிவும் குடல் நரம்பைக் கெடுத்திருக்கும். புற்று எலும்புக்குப் போனவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் மலச்சிக்கல் வரும். அதை ரத்தப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். மருந்துப் பையைப் பார்க்காமல் மலச்சிக்கலுக்கு மருந்து எழுதுகிற டாக்டரிடம் பையை நீங்களே மேசையில் வைத்துவிடுங்கள்.

டாக்டர் வழக்கமாக என்ன செய்வார்? முதலில் கீழே அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஆசனவாய் மாத்திரையோ எனிமாவோ வைத்து அதை வெளியேற்றுவார். பிஸாகோடிலை அப்படி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். கீழே வழி விட்ட பிறகுதான் வாய் மருந்து. அதில் இரண்டு வகை சேர்ந்து வரும். சென்னா, பிஸாகோடில் போன்றவை படுத்த மண்டோரைத் தட்டி எழுப்புபவை. இரவில் சாப்பிட்டால் காலையில் தெரியும். லாக்டுலோஸும் மேக்ரோகோல் பொடியும் குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குபவை. லாக்டுலோஸுக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்; சிலருக்கு வயிறு ஊதும். பிஸாகோடில் மாத்திரையைப் பாலோடும் கேஸ்டிரிக் மருந்தோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. அதன் மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிடுங்கும். போகும் நாளில் நிறுத்தி, போகாத நாளில் தொடங்கும் மருந்துகள் அல்ல இவை. தினமும் சாப்பிட வேண்டும். மார்பின் அளவு ஏறினால் இவற்றின் அளவும் ஏற வேண்டியிருக்கும்.

இதற்கும் அசையாவிட்டால் வலி மருந்தையே மாற்றிப் பார்ப்பார்கள். ஃபென்டனைல் பட்டை மார்பினைவிடக் கொஞ்சம் குறைவாகக் கட்டும். அதற்கும் அடுத்த படியில் புது வகை மருந்துகள் இருக்கின்றன: அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்ற மெத்தில்நால்ட்ரெக்ஸோன் ஊசி, 2014இல் வந்த நாலாக்ஸிகால், 2017இல் வந்த நால்டெமடின். மார்பின் குடலில் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதை எழுப்பிவிட்டு, மூளையில் உட்கார்ந்திருப்பதைத் தொடாமல் விடுகின்றன. வயிறு ஓடும், வலி திரும்பாது. 2019இல் அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கம் எழுதிய வழிகாட்டியும் சாதாரண மலமிளக்கியில் தொடங்கி, அது தோற்ற பிறகே இவற்றுக்குப் போகச் சொல்கிறது. விலை அதிகம். குடலில் அடைப்பு இருந்தால் ஆபத்தும் கூட. நிபுணரிடம் கேட்கலாம், முதல் நாளே கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, அதற்குக் காசும் இல்லை. காலைக் கோப்பி, பசியாறலுக்குப் பிறகு குடல் இயல்பாகவே கொஞ்சம் அசையும். அந்த நேரத்தில் நோயாளியைக் கழிவறையில் உட்கார வையுங்கள். உயரமான மங்கில் கால் தொங்கினால் முக்க முடியாது. பாதத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்து முட்டியை உயர்த்துங்கள். குந்தி உட்கார்ந்து பழகிய உடம்பு அதை உடனே புரிந்துகொள்ளும்.

செய்யக் கூடாததும் ஒன்று. வலி மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தினமும் அபின் வகை மருந்தும் மலமிளக்கியும் சாப்பிட்டுவந்த 322 பேரை விசாரித்தார்கள். மூன்றில் ஒருவர் வெளிக்குப் போவதற்காகவே வலி மருந்தைக் குறைத்தோ, விட்டோ, நிறுத்தியோ இருந்தார். பெரியம்மாவும் இரண்டு வேளையைச் சிரிஞ்சோடு தலையணைக்குக் கீழே மறைத்திருந்தார். திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவது மட்டுமல்ல, உடம்பு நடுங்கி வியர்த்து, போகாத வயிறு பிய்த்துக்கொண்டு போகவும் செய்யும்.

தெமுஜன்ஜிக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. வயிறு ஊதி, வாந்தி எடுத்து, காற்றுக்கூடப் பிரியாமல் இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் நேரே அவசரப் பிரிவு. மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு வயிற்று வலி, நோயாளி உளறத் தொடங்குவது, இவையும் அப்படியே. முதுகெலும்பில் புற்று இருப்பவருக்கு மலமோ சிறுநீரோ தடைபட்டு, கூடவே கால் மரத்துப்போனாலோ பலம் இழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். நேரம் போனால் கால் திரும்பாது.

பெரியம்மாவின் காலில் பலம் இருந்தது. மறுநாள் காலை மருமகளே கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப்போனாள், பையோடும் நாள் கணக்கோடும். எனிமா வைத்தார்கள். அன்று மாலை அரைத் தட்டு ரசச் சோறு இறங்கியது. அன்றிலிருந்து சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டரில் போன நாளுக்கெல்லாம் மருமகள் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறாள். மூன்று நாள் வட்டமே விழாவிட்டால் கிளினிக்குக்குப் போன் போடுவது என்று பேச்சு. போன வாரம் நலம் விசாரிக்க வந்த பக்கத்துத் தெரு மாமா, காலண்டர் முன்னால் நின்று வட்டங்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பெரியம்மாவின் காதருகே குனிந்து, "என்னா அக்கா, நம்பர் கணக்கா? எனக்கும் ஒன்னு சொல்லுங்களேன்" என்றார். பெரியம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.